ஒரு ஆள், இரண்டு தலை

பிளேன்காரர் தன் மகளுக்கு ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. ஆறு வருஷமாகத் தர வேண்டியிருந்தது. கையில் இல்லாமல் இல்லை. எட்டு வாடகைக் கார் வைத்து ஓட்டிய மனுஷனுக்கு அது ஒரு நாள் டீசல் காசு. மகளும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் கொடுக்காததற்குக் காரணம் வேறு. அந்தக் காசை எடுத்து நீட்டினால் கூடவே ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டி வரும். அந்த வார்த்தை அவர் தொண்டையைத் தாண்டி வந்ததே இல்லை.

பிளேன்காரர் என்றதும் பிளேன் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு விமான நிலையம் வந்த நாளிலிருந்து எதிரே வருகிறவனை எல்லாம் நிறுத்தி, "பஸ்ஸிலே போய் இடுப்பை ஒடிச்சுக்காதே, பிளேன்லே போ" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கேலிக்கு வைத்த பேர்தான். அவர் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பஸ் நிலையத்தில் மூட்டை தூக்கினார். பிறகு லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு கடனுக்கு ஒரு பழைய லாரி. ஓடுதளம் போட்டபோது அதற்கு ஜல்லி கொட்டிய லாரிகளில் அவருடையதும் ஒன்று. "பிளேன் இறங்கும்போது முதல்லே எங்கே சக்கரத்தை வைக்குது தெரியுமா? நான் கொட்டின ஜல்லி மேலேதான்" என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் கொட்டிய ஜல்லி எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மறுத்துப் பேசத்தான் ஆளில்லை. முதல் பிளேன் வந்த அன்று வாசலில் நின்ற ஒரே வாடகைக் கார் அவருடையது. ஒன்று இரண்டானது, இரண்டு எட்டானது. யார் கையையும் பிடித்துக்கொண்டு மேலே வரவில்லை. அப்படித் தானாக எழுந்து நின்றவன் பேச்சு கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும். இருக்கட்டுமே. உழைத்தவன் பேசுகிறான், உட்கார்ந்து தின்றவன் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த விமான நிலையத்துக்கு ஒரு பங்காளி இருந்தது. மூன்று மணி நேரம் காரில் போனால் பெரிய விமான நிலையம். அங்கே ஒரு நாளைக்கு நாற்பது பிளேன். இங்கே ஒன்றே ஒன்று. விசிறி வைத்த சின்ன பிளேன், எழுபது இருக்கை. காலை ஒன்பதரைக்குப் பெரிய நகரத்துக்குக் கிளம்பும், மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வந்து மறுநாள் வரை இங்கேயே படுத்துக்கொள்ளும். அதில் இருபது பேர் வந்தாலும் சரி, ஐந்து பேர் வந்தாலும் சரி, தீயணைப்பு வண்டியில் ஒன்பது பேர் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டியைப் படம் பிடிக்கும் இயந்திரத்துக்கு மூன்று பேர். பெல்ட் ஓட்ட இரண்டு பேர். ஒரே ஒரு பச்சைப் பெட்டி அந்த பெல்ட்டில் சுற்றிச் சுற்றி வருவதைப் பிளேன்காரர் எத்தனையோ நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார்.

அந்த நிலையம் இப்போது ஓடவில்லை என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கட்டிடம் இருக்கிறது, பலகை இருக்கிறது, பிளேன்தான் வருவதில்லை. அது கடைசியாக மூச்சு விட்ட சமயத்தில் பிளேன்காரர் செய்த காரியம்தான் இந்தக் கதை.

மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. அறுபது நாள் அவகாசம். அறுபது நாளும் போகிறவர், வருகிறவர் சேர்த்துச் சராசரியாக நாளைக்கு எண்பது தலை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிளேன் கம்பெனிக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை நிற்கும். அது நின்றால் பிளேன் நிற்கும். அப்போது ஓடிக்கொண்டிருந்தது எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று.

விமான நிலைய மேனேஜர் கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், டாக்டர்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். அவர் வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். ஆளாளுக்கு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளேன்காரர் எழுந்தார்.

"எட்டுத் தலைதானே இடிக்குது? அதிலே ஆறு என் பொறுப்பு. மீதி ரெண்டை நீங்க இத்தனை பேர் சேர்ந்து பாத்துக்க மாட்டீங்களா?"

"ஆறு தலைக்கு எங்கே போவீங்க?" என்றார் ஓட்டல்காரர்.

"ராவணனை வரச் சொல்லியிருக்கேன். நாலு மிச்சமாகும், வேணுமா உமக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். சொன்ன சொல்லோடு அவர் மட்டும் நின்றார்.

வீடு என்று ஒன்று அவருக்கும் இருந்தது. கார் எட்டாக இருந்த காலத்தில் கட்டிய மாடி வீடு. மாடியில் மூன்று அறை. பூட்டி வைத்து, மாதம் ஒரு தடவை போய் ஜன்னலைத் திறந்து மூடிவிட்டு வருவார். கீழே சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் துவைத்த துணி, ஒன்றில் துவைக்காத துணி, ஒன்றில் பழைய பேட்டரி. நாலாவதிலும் அவர் உட்காருவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவார். மனைவி போய் ஆறு வருஷம். ஒரே மகள் பெரிய நகரத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வாள். நாலு நிமிஷம் பேசுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், வந்த அன்றே திரும்புவாள். வருவது எப்போதும் அந்தப் பெரிய விமான நிலையம் வழியாகத்தான்.

"நம்ம பிளேன்லே வந்திருக்கலாமே" என்பார்.

"டைம் சரியா வரலைப்பா" என்பாள்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு எதையாவது பார்ப்பார்கள்.

ஆறு தலைக்கு அவர் கண்டுபிடித்த வழி சுலபமானது. ஐந்து காரில் இரண்டை விற்றார். எட்டு எப்படி ஐந்தானது என்று கேட்க வேண்டாம், வாசலில் இறங்க ஆளில்லாத இடத்தில் கார் என்ன செய்யும்? விற்ற காசை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டிக்கெட் கடைக்குப் போனார். அந்தக் கடையை ஒரு அம்மாள் நடத்திவந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, எதையும் இரண்டு தடவை கேட்கிற பழக்கம்.

"தினமும் மூணு பேருக்குப் போக வரவா? தினமுமா?"

"தினமும்."

"யார் யாருக்கு?"

"என் டிரைவருங்க பேரிலே போடுங்க. யார் பேரா இருந்தா என்ன? ஏறவா போறாங்க?"

இப்படி இருபத்தொரு நாள் டிக்கெட் வாங்கினார். வாங்கிய டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிளேன் கிளம்பும் நேரத்தில் வேலிக்குப் பக்கத்தில் நின்று, அது ஓடி எழும்பும்போது, நம் மூன்று இருக்கையும் போகிறது என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்வார். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தால் ஒரு ஆள் கணக்கு. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தால் ஒரு ஆள் கணக்கு. வாழ்நாள் முழுக்க டிக்கெட் கிழிக்கிற இடத்தில் பிழைத்தவருக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சராசரி எழுபத்து மூணைத் தாண்டவே மாட்டேங்குது ஐயா."

"எப்படித் தாண்டாது? நான் ஒருத்தனே தினம் ஆறு தலைக்குக் காசு கட்டறேனே!"

"காசு கட்டினீங்களா? யார் ஏறினாங்க?"

"யாரும் ஏறலை. டிக்கெட் வாங்கியாச்சில்லே?"

மேனேஜருக்கு முகம் வெளுத்துப்போனது. "ஐயா, மேலிடம் டிக்கெட்டை எண்ணலை. சோதனை வாசலைத் தாண்டி உள்ளே போற ஆளை எண்ணுது. வந்து இறங்கி வெளியே வர்ற ஆளை எண்ணுது. நீங்க வாங்கின சீட்டு காலியாத்தான் போயிருக்கு."

"அப்போ என் காசு?"

"அது பிளேன் கம்பெனிக்கு."

பிளேன்காரர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். ஒரு காருக்கு மேலேயே போயிருந்தது. பிறகு, "சரி, தெரியாம இருபத்தொரு நாள் காத்தை ஏத்தி அனுப்பியிருக்கேன். இனிமே ஆளை ஏத்தி அனுப்பறேன்" என்றார்.

ஆள் வேண்டுமே. முதலில் தன் டிரைவரைக் கேட்டார். சுருட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற டிரைவர், இருபது வருஷமாக அவரிடம் இருக்கிறவன்.

"முதலாளி, தரையிலே எவ்வளவு வேகம் வேணும் சொல்லுங்க, ஓட்டறேன். மேலே மட்டும் கூப்பிடாதீங்க."

"நீ ஓட்ட வேண்டாம்டா. சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"அதான் முடியாதுங்கறேன். ஓட்டறது வேற ஆளா இருந்தா எனக்கு வயித்தைப் பிரட்டும்."

டீக்கடைக்காரர் மனைவி அவர் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் ஒரு தடவை போய்வந்தாள். காதடைப்பு நாலு நாள் போகவில்லை என்று அவள் சொன்ன பிறகு அந்தத் தெருவில் யாரும் சரி சொல்லவில்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்களே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் வேண்டாம். ஏற்கெனவே பிளேனில் போகிறவன் என்ன நினைக்கிறான்? அதைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பஸ் நிலையத்துக்குப் போனார். பெரிய விமான நிலையத்துக்குப் போகும் குளிர்சாதன பஸ் அங்கேதான் நிற்கும்.

கையில் ஒரு சின்ன நோட்டு. எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வரும், அதனால் குறி வைத்துக்கொண்டார். விலை குறைவு என்று சொன்னால் ஒரு கோடு. பிளேன் நிறைய என்று சொன்னால் ஒரு வட்டம். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"தம்பி, நம்ம ஊர்லேயே பிளேன் இருக்கே, ஏன் மூணு மணி நேரம் பஸ்லே போய் அங்கே ஏறறீங்க?"

"அங்கே ஆயிரம் குறையுது சார்." ஒரு கோடு.

"நீங்கம்மா?"

"அங்கே ஒண்ணை விட்டா அடுத்தது இருக்கு. இங்கே விட்டா நாளைக்குத்தானே?" ஒரு வட்டம்.

"உங்களுக்கு?"

"ஆபீஸ்லே டிக்கெட் போட்டுக் குடுத்துட்டாங்க. எங்கே ஏறச் சொல்றாங்களோ அங்கே ஏறறேன்." இதற்கு என்ன குறி என்று தெரியவில்லை. பாதி வட்டம் போட்டார்.

தடியான ஒருவர், பெட்டியைத் தூக்கி பஸ் வயிற்றுக்குள் தள்ளியபடியே சொன்னார்: "ஒரு தடவை நம்பி வந்து உக்காந்தேன் பெரியவரே. கிளம்பலைன்னுட்டான். என் அக்கா மகன் கல்யாணம் போச்சு. அன்னையோட சரி."

இதற்கு ஒரு பெருக்கல் குறி போட்டார். அடுத்தவளுக்கும் பெருக்கல் குறிதான். "இன்டர்வியூ இருந்துது, ரத்துன்னாங்க." அதற்கு அடுத்தவருக்கும். "நம்பி இருக்க முடியலைங்க. போனாப் போகும், போகலைன்னா போகாது. அதுக்குப் பேரு பிளேனா, மழையா?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பிளேன்காரரும் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது.

ஐந்து நாள் நின்றார். ஆறாம் நாள் சாப்பாட்டு மேஜையில் பேட்டரியை நகர்த்திவிட்டு உட்கார்ந்து எண்ணினார். கோடு முப்பத்தொன்று. வட்டம் நாற்பது. பெருக்கல் குறி எழுபத்தெட்டு. விலைதான் காரணம், விலையைக் குறைத்தால் கூட்டம் கொட்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். ஆயிரம் ரூபாய்க்காக மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு தடவை கைவிடப்பட்டவர்கள் நிறையப் பேர்.

பெருக்கல் குறியை மறுபடி எண்ணினார். எழுபத்தெட்டுதான். அதற்கு மேலே, காகிதத்தின் ஓரத்தில், யாரையும் கேட்காமல் இன்னும் ஒன்று போட்டார். எழுபத்தொன்பது.

அந்த எழுபத்தொன்பதாவது குறி யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டர், வர வேண்டியவங்களை வரச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டார். மகளுக்குப் போன் போட்டார். மகள், "எட்டு மணிக்கு ஒரு பிளேன் இருக்குப்பா. பெரிய ஏர்போர்ட்லே இறங்கி டாக்ஸி பிடிச்சா பன்னிரண்டுக்கு வந்துடுவேன்" என்றாள். அவர்தான் சொன்னார்: "எதுக்கு மூணு மணி நேரம் ரோட்லே அலையறே? நம்ம பிளேன்லே வா. மூணு மணிக்கு இறங்கினா மூணேகாலுக்கு அம்மா பக்கத்துலே இருப்பே. வாசல்லே என் கார் நிக்கும்."

அவள் கேட்டாள். அப்பா பேச்சைக் கேட்டாள். ஒன்றரை மணிக்கு பிளேன் ரத்து என்றார்கள். தொழில்நுட்பக் காரணம் என்றார்கள். அவள் வேறு டிக்கெட் வாங்கி, பெரிய விமான நிலையத்தில் இறங்கி, யாரோ ஒருவனுடைய டாக்ஸி பிடித்து, ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றாள். அம்மா ஐந்து பத்துக்குப் போய்விட்டிருந்தாள். எட்டுக் கார் வைத்திருக்கிறவன் மகள் வாடகை டாக்ஸியில் வந்து இறங்கினாள். டாக்ஸிக்காரன் காசுக்காக நின்றான். பிளேன்காரர் சட்டைப் பையைத் தடவினார், எதுவும் இல்லை. மகள் கைப்பையைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள். ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது. "அப்புறம் தர்றேம்மா" என்றார். அவள் பையை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ரொம்ப நாள் கழித்து, அப்போதிருந்த பழைய மேனேஜர் வேலை மாற்றிப் போகிற அன்று, வாய்தவறி ஒரு விஷயம் சொன்னார். அன்றைக்குப் பிளேனில் கோளாறு ஒன்றும் இல்லை. பதினோரு பேருக்காகக் கிளப்புவதா என்று கம்பெனி நிறுத்திவிட்டது. பிளேன்காரர் தலையை எண்ண ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

நோட்டில் குறிகளை எண்ணிய மறுநாளே டிக்கெட் கடைக்குப் போனார். "இன்னைக்கிலேருந்து என் பேருக்கு ஒண்ணு. போகவும் வரவும்."

"நீங்க ஏறப் போறீங்களா?"

"ஏறுவேன். ஒரு ஆள், ரெண்டு தலை. போறப்போ ஒண்ணு, வர்றப்போ ஒண்ணு."

அந்த அம்மாள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "உங்க விவரம் ஏற்கெனவே இருக்கே. ஒரு தடவை நீங்களும் வீட்டம்மாவும் மகள் வீட்டுக்குப் போனீங்களே, அப்போ உங்க மகள்தான் விவரம் குடுத்திருக்காங்க. அதையே வச்சுக்கறேன்."

"வச்சுக்குங்க."

அப்படிப் போக ஆரம்பித்தார். ஒன்பதரைக்கு ஏறுவார். கையில் ஒரு பையும் இல்லை. சோதனை வாசலில் நிற்கும் பெண் முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தாள். இரண்டாம் வாரம், "என்ன ஐயா, ஆபீஸா?" என்றாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பெரிய விமான நிலையத்துக்குப் போகிற சாலை கீழே தெரியும். அந்தப் பஸ் தெரியும். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் கேட்பதை விட்டுவிட்டார்.

பத்து நாற்பதுக்குப் பெரிய நகரம். வருகை வாசல் வழியாக வெளியே வந்து, சுற்றிக்கொண்டு போய், புறப்பாட்டு வாசல் வழியாக மறுபடி உள்ளே. திரும்பும் பிளேன் ஒன்றே முக்காலுக்கு. மூன்று மணி நேரம். மகள் வீடு காரில் போனால் இருபது நிமிஷம். அவர் போகவில்லை. போனால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பாள். ஒரு தூணுக்குப் பின்னால், காலில் கால் போட்டுக்கொள்ள இடமில்லாத இரும்பு நாற்காலி ஒன்று உண்டு, அங்கே உட்காருவார். கண்ணாடிக்குப் பின்னால் விற்கிற காபியின் விலையைப் பார்த்து முதல் நாளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், அதனால் தண்ணீர்தான். சுற்றி ஆயிரம் பேர் போவார்கள், வருவார்கள். அத்தனை பேருக்கும் போக ஒரு இடம் இருந்தது. இவருக்குத் திரும்பி வருவதற்காகப் போகிற வேலை.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை போன் நாலு நிமிஷத்தில் முடியவில்லை.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"சாப்பாடு சரியா இறங்குதா?"

"இறங்காம என்ன? மேலேயா ஏறும்?"

"வேற ஒண்ணும் சொல்லணுமாப்பா?"

"ஒண்ணும் இல்லையே."

அவள் ஏன் இப்படித் துருவுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பார்.

பதினேழாவது பயணம். பத்து நாற்பதுக்கு இறங்கி, வழக்கம்போல வருகை வாசல் வழியாக வெளியே வந்தார். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பலகை பிடித்த டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாம் நம் ஜாதிக்காரர்கள், கார்க்காரர்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டே நடந்தவர், வரிசையின் கடைசியில் மகள் நிற்பதைப் பார்த்தார். அவள் கையில் பலகை இல்லை. செல்போன் இருந்தது.

"பதினாறு தடவை வந்துட்டுப் போயிட்டீங்க" என்றாள். "இன்னைக்குப் பதினேழு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

செல்போனைத் திருப்பிக் காட்டினாள். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று அவளே சொன்னாள்: "உங்க டிக்கெட்டிலே என் நம்பர்தான் இருக்கு. நீங்க ஏறினா எனக்குச் செய்தி வரும். இறங்கினா வரும். முதல் நாள் வீட்டுக்குத்தான் வர்றீங்கன்னு லீவு போட்டுட்டுச் சமைச்சு வச்சேன். மதியம் வரைக்கும் பாத்தேன். அடுத்த செய்தி, நீங்க திரும்பிப் போயிட்டீங்கன்னு."

பிளேன்காரர் செருப்பு நுனியைப் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரிப்பா?" அவள் குரல் உடைந்தது. "எத்தனை நாளா? என்கிட்டே சொன்னா என்ன?"

"ஆஸ்பத்திரியா? எனக்கா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றது. "அட அசடே, எனக்கு ஒண்ணுமில்லே. தலை எண்ணிக்கைக்காகப் போயிட்டு வர்றேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எண்பது தலை, அறுபது நாள், காற்றை ஏற்றி அனுப்பிய இருபத்தொரு நாள், விற்ற இரண்டு கார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மூணு மணி நேரம் இங்கே எங்கேப்பா உக்காந்திருப்பீங்க?"

"உள்ளே ஒரு தூண் இருக்கு. அதுக்குப் பின்னாலே."

"என் வீடு இருபது நிமிஷம்."

"தெரியும்."

"பதினாறு நாள் தூணுக்குப் பின்னாலே உக்காந்திருந்தீங்க."

வருகை வாசலில் அடுத்த பிளேன் கூட்டம் வெளியே வந்தது. இரண்டு பேரும் சக்கரப் பெட்டிகளுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் சொன்னார், தரையைப் பார்த்துத்தான் சொன்னார்:

"அன்னைக்குப் பதினோரு பேர்தாம்மா. பிளேன்லே கோளாறு இல்லே. இன்னும் பத்துப் பதினைஞ்சு தலை இருந்திருந்தா கிளப்பியிருப்பான். நீ மூணேகாலுக்கு வந்திருப்பே."

மகள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்தப் பதினொண்ணுலே நானும் ஒருத்திப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது ஓங்கிப் பேசியிருப்பார். பேசத் தெரிந்தவர்தானே. அவள் கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். இத்தனை நாளாக இல்லாத தலைகளை எண்ணிக்கொண்டிருந்தவர், இருந்த பதினோரு தலையை எண்ணவே இல்லை.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். "ஒண்ணே முக்காலுக்குள்ளே திரும்பக் கொண்டுவந்து விட்டுடறேன்."

"வேண்டாம்" என்றார். அவள் முகம் சுருங்குவதற்குள், "திரும்பறதுக்கு அவசரமில்லே. இன்னைக்கு ஒரு தலை குறைஞ்சாக் குறையட்டும்" என்றார்.

அவள் காரை எடுக்கத் திரும்பினாள்.

"கொஞ்சம் நில்லும்மா."

சட்டைப் பைக்குள் கைவிட்டார். அடுத்த வாரத்து டிக்கெட்டுக்காகக் கொண்டுவந்த பணம், ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டியது. வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்.

"என்னப்பா இது?"

"டாக்ஸிக் காசு."

"எந்த டாக்ஸி?" என்று கேட்டவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"காலையிலே எட்டு மணிப் பிளேன்லேயே உன்னை வரச் சொல்லியிருக்கணும். நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் மாத்தினேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் உடைந்துபோயிருப்பார், அது அவளுக்குத் தெரிந்திருந்தது. செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வலது கையை விரித்து நீட்டினாள்.

பிளேன்காரர் விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார். பஸ் நிலையத்தில் மூட்டைக்கூலி வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிற மாதிரி, ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. பலகை பிடித்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆறாயிரம் வந்ததும் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஆறாயிரத்து ஐந்நூறு. பிறகு நூறாக, ஆறாயிரத்து எண்ணூறு. ஐம்பதுக்குத் தாள் இல்லை. காற்சட்டைப் பையைத் துழாவி, இரண்டு இருபதும் ஒரு பத்தும் கசங்கியதை எடுத்து, நகத்தால் நீவி, அவள் உள்ளங்கையில் மேலே வைத்தார்.